எழுத்துப் படத்தில் முகம் ஏன் நீள்கிறது?

கேள்வி: புகைப்படத்தை எழுத்துக்குறிகளாலான படமாக மாற்ற நானே ஒரு சிறு நிரல் எழுதினேன். கணினித் திரையில் முகம் உயரவாக்கில் இரு மடங்கு நீண்டு தெரிகிறது. கைப்பேசியில் நண்பருக்கு அனுப்பினால் படமே கலைந்துவிடுகிறது. பிழை எங்கே? தமிழ் எழுத்துகளைக் கொண்டும் இப்படிப் படம் அமைக்க இயலுமா?

பதில்: முகம் நீள்வதற்குக் காரணம், உங்கள் நிரல் படத்தைச் சதுரக் கட்டங்களாக வெட்டுவதுதான். கணினியில் ஆங்கில எழுத்தொன்று அடைத்துக்கொள்ளும் இடம் சதுரமன்று; அதன் உயரம் அகலத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. 800 புள்ளி அகலமும் அதே உயரமும் கொண்ட படத்தை வரிக்கு 100 குறிகளாக மாற்றும்போது, 8-க்கு 8 என்று வெட்டினால் 100 வரிகள் வந்து முகம் நீண்டுவிடும். 8-க்கு 16 என்று வெட்டினால் 50 வரிகளில் முகம் முகமாகவே இருக்கும்.

கைப்பேசியில் கலைவதற்கு எழுத்துருவே காரணம். எல்லாக் குறிகளுக்கும் ஒரே அகலம் தரும் எழுத்துரு அங்கே இல்லையென்றால் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்று பொருந்தா. நீண்ட வரிகள் பாதியில் மடங்கியும் போகும். திரையைப் படமாகப் பிடித்து அனுப்பிவிடுங்கள்.

படத்தின் நிறத்தைச் சாம்பல் நிறமாக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். நம் கண்ணுக்குப் பச்சையே மிகுந்த ஒளியுடையதாகத் தெரிவதால், சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று பங்கிடுவது வழக்கம். கணினியின் அடிப்படை ஆங்கில எழுத்துக்குறித் தொகுப்பான ஆஸ்கியில் இடைவெளியையும் சேர்த்து அச்சிடத்தக்க குறிகள் 95 உண்டு. அத்தனையும் தேவையில்லை, வெளிச்சமான இடத்துக்கு மை குறைந்த முற்றுப்புள்ளியில் தொடங்கி இருண்ட இடத்துக்கு மை நிறைந்த குறிவரை பத்தைத் தேர்ந்தாலே போதும் என்பது என் கருத்து. திரையின் பின்புலம் கறுப்பாக இருந்தால் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். 1966-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் நோல்டனும் லியான் ஹார்மனும் சிறு சிறு குறிகளின் அடர்த்தியைக்கொண்டே ஒரு பெண்ணுருவத்தை அமைத்தார்கள். அருகில் குறிகளாகவும் தொலைவில் உருவமாகவும் தெரிந்த படம் அது. உங்கள் படத்தையும் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள்.

தமிழிலும் இயலும், ஆனால் 'கி' போன்ற உயிர்மெய் நமக்கு ஓரெழுத்தாயினும் ஒருங்குறியில் (யூனிகோடு) இரு குறியீடுகளாக இருப்பதால், நிரலின் எண்ணிக்கை பிசகும். அகரமேறிய மெய்களை மட்டும் கொள்ளுங்கள்; ஒவ்வொன்றையும் ஒரே அளவுள்ள கட்டத்தில் வரைந்து, அதிலுள்ள கறுப்புப் புள்ளிகளை எண்ணி வரிசைப்படுத்துங்கள். வெளிச்சத்துக்கு 'ட' கிடைக்கும், இருளுக்கு மூன்று சுழி 'ண' கிடைக்கும். 'ண' அகன்ற எழுத்தாதலால் கட்டம் சதுரமாக இருப்பதே நல்லது. அப்போது சதுரமாக வெட்டும் உங்கள் பழைய நிரலை அப்படியே பயன்படுத்தலாம்.