ஆற்றுக்கு இடம் கொடுத்தது யார்?

அன்புள்ள ஐயா,

நெதர்லாந்து கட்டுரையில், லெண்ட் என்ற ஊரில் வெள்ளக்கரையையே பின்னால் தள்ளிக் கட்டி ஆற்றுக்கு இடம் விட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கடலைத் துரத்தி நிலம் எடுத்தவர்கள் கடைசியில் இயற்கையோடு சமாதானமாகிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? அந்த ஊரின் கதையைக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லெண்ட், ரைன் நதியின் பெரிய கிளையான வால் ஆற்றின் வடகரையில் இருக்கிற சின்ன ஊர். எதிர்க்கரை மேட்டில் நைமேகன் நகரம், ரோமானியர் காலத்திலிருந்து இருப்பது. லெண்டுக்கு வந்த நல்லது கெட்டது பெரும்பாலும் இந்த எதிர்வீட்டுக்காரனால் வந்ததுதான்.

1590ல் நைமேகன் ஸ்பானியர் கையில் இருந்தது. அதைப் பிடிக்க, ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்ட டச்சுப் படைத்தலைவர் மௌரிட்ஸ் லெண்ட் கரையில் ஒரு கோட்டை கட்டினார், அடுத்த வருஷமே நகரம் பணிந்தது. அப்புறம் 1657ல் வந்த பரிசல்துறை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது இதுதான். ஆற்றின் மேல்பக்கம் நங்கூரம் பாய்ச்சி, அதிலிருந்து நீளமாக ஒரு சங்கிலி, அது மூழ்காமலிருக்க இடையிடையே சின்னப் படகுகள், கடைசியில் பெரிய தோணி. தோணியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போதும், ஓடுகிற தண்ணீரே தள்ளி அக்கரை சேர்த்துவிடும். 1936ல் சாலைப் பாலம் வந்தது, அதோடு சரி.

இரண்டாம் உலகப் போரில், 1944 செப்டம்பர் 20 அன்று பட்டப்பகலில், ஜெர்மானியர் கையிலிருந்த பாலத்தைப் பிடிக்க அமெரிக்கப் பாராசூட் படையினர் கித்தான் படகுகளில், துடுப்பு போதாமல் துப்பாக்கிக் கட்டையாலும் வலித்துக்கொண்டு, இந்த வடகரைக்கு வந்தார்கள். 48 பேர் செத்தார்கள். 2013ல் அங்கே வந்த புதுப் பாலத்தில் அவர்களுக்காக 48 ஜோடி விளக்குகள். மாலையில் ஒருவர் நடக்கிற வேகத்தில் ஜோடி ஜோடியாக எரியும்.

சரி, கரை விஷயம். நைமேகனை ஒட்டி ஆறு வளைந்து குறுகுகிறது. 1995 வெள்ளத்தில் அந்த ஆற்றுப்பகுதிகளிலிருந்து சுமார் 2,50,000 பேரை வெளியேற்றினார்கள், கரை எப்படியோ தாங்கியது. இனி ரைனில் விநாடிக்கு 16,000 கன மீட்டர், அதாவது நம் கணக்கில் 5.65 லட்சம் கன அடி வந்தாலும் தாங்க வேண்டும் என்று முடிவானது. குறுகலை அகலமாக்க வேண்டும், ஆனால் நகரத்துப் பக்கம் கைவைக்க முடியாது. ஆக லெண்டில் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளி, பக்கத்தில் புதிதாக ஒரு கால்வாய் வெட்டி, சுமார் 50 வீடுகளை இடித்தார்கள். தப்பிய சில வீடுகள் இப்போது தீவில் இருக்கின்றன. 1998லேயே நைமேகன் லெண்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு அங்கே புதுக் குடியிருப்புகளுக்குத் திட்டமும் போட்டிருந்தது. ஒரு பக்கம் கட்டுவது, ஒரு பக்கம் இடிப்பது, ஊர்க்காரர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

திட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. வெள்ளமட்டம் 30 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும், அது சின்ன லாபமில்லை. ஆனால் ஆற்றுக்கு இடம் விட்டவர்கள் யார் என்று கேட்டால், அந்த 50 வீட்டுக்காரர்களைத்தான் முதலில் சொல்வேன்.