'ஃபெயில்' என்ற ஆங்கில வினைக்குத் 'தோற்றுப்போ' என்பது மட்டும்தான் பொருளா? எப்படிப் பயன்படுத்துவது?

இல்லை. 'தோற்றுப்போ' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு படித்தால் பாதி வாக்கியங்கள் பிடிபடாது. இந்த வினைக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் 'தவறு'. செய்யத் தவறினார், தேர்வில் தவறினார், தவறாமல் வந்தார் ஆகிய மூன்றையுமே ஆங்கிலத்தில் 'ஃபெயில்' கொண்டு சொல்லிவிடலாம்.

அதிகம் குழப்புவது 'ஃபெயில் டு' என்ற அமைப்பு. "ஹி ஃபெயில்டு டு அட்டெண்ட் த மீட்டிங்" என்றால் வர முயன்று தோற்றார் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வரவேண்டியவர் வரவில்லை, அவ்வளவுதான். 'டிட் நாட் அட்டெண்ட்' வெறும் தகவல். 'ஃபெயில்டு டு அட்டெண்ட்' என்றதும் வரவேண்டிய கடமை இருந்தது என்ற குறை உள்ளே நுழைந்துவிடும். அதனால் அலுவலக மின்னஞ்சலில் "யு ஃபெயில்டு டு ரிப்ளை" என்று எழுதாதீர்கள், குற்றம்சாட்டுவதுபோல் ஒலிக்கும். "ஐ ஹேவ் நாட் ரிசீவ்டு எ ரிப்ளை" போதும். முயன்றும் முடியாமல் போனதற்கும் இதே அமைப்புதான் வரும்: "த டாக்டர்ஸ் ஃபெயில்டு டு சேவ் ஹிம்." எந்தப் பொருள் என்பதைச் சூழலை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். எப்படியானாலும் 'டு'வுக்குப் பின் வினையின் மூல வடிவம் வரும். 'ஃபெயில்டு அட்டெண்டிங்' பிழை.

தேர்வைச் சொல்லும்போது இடையில் எதுவும் வேண்டாம்: "ஐ ஃபெயில்டு த எக்ஸாம்." 'ஐ காட் ஃபெயில்டு' என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். தேர்வாளரையும் எழுவாயாக வைக்கலாம்: "த எக்ஸாமினர் ஃபெயில்டு ஹிம்", அதாவது தேர்ச்சி தரவில்லை. ஆனால் "மை ஃபிரெண்ட்ஸ் ஃபெயில்டு மீ" என்றால் மதிப்பெண்ணுக்கு அங்கே வேலையில்லை, நண்பர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

எதிர்மறையோடு சேர்ந்தால் பொருள் உறுதியாகிவிடும். 'நெவர் ஃபெயில்ஸ் டு கால்' என்றால் அழைக்கத் தவறுவதே இல்லை. 'வித்அவுட் ஃபெயில்' என்றால் தவறாமல். இதை 'வித்அவுட் ஃபெயிலியர்' என்று மாற்றக்கூடாது.

மனிதர் அல்லாதவை எழுவாயாகும்போது தமிழ் ஒவ்வொன்றுக்கும் தனி வினை வைத்திருக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை, பார்வை மங்குகிறது, மழை பொய்த்தது: ஆங்கிலத்தில் எல்லாமே 'ஃபெயில்'தான். இதில் மழைதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். 'ஃபெயில்' பழைய பிரெஞ்சு வழியாக 'ஃபாலெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதற்கு ஏமாற்று என்று பொருள். பொய் என்று பொருள்படும் 'ஃபால்ஸ்' என்ற சொல்லுக்கும் அதுவே மூலம். வானம் பொய்த்தது என்று நாம் சொல்வதும் அதே எண்ணத்தில்தான்.

'ஹார்ட் ஃபெயிலியர்' என்றதும் இதயம் நின்றுவிட்டது என்று பதறுகிறார்கள். உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் சரியாகச் செலுத்த முடியாத நிலை அது. மாரடைப்பும் இதுவும் ஒன்றல்ல. 'ஃபெயில்-சேஃப்' என்பதும் இப்படித்தான் தடம் மாறுகிறது. பழுதே ஆகாதது என்று பொருளில்லை, பழுதானாலும் பாதுகாப்பான நிலைக்கே போகும்படி அமைத்தது என்று பொருள். ரயிலின் காற்று பிரேக் நல்ல உதாரணம்: குழாய் அறுந்து அழுத்தம் போனால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

'ஃபெயிலிங் தட்' என்பது 'அதுவும் முடியாவிட்டால்'. 'ஐ ஃபெயில் டு சீ ஒய்' என்பது புரியவில்லை என்ற ஒப்புதல்போல் தோன்றும். உண்மையில் அது நாசூக்கான மறுப்பு.

'தவறு' எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் மனத்தில் வையுங்கள். பெயர்ச்சொல்லான தவறு, அதாவது பிழை, ஆங்கிலத்தில் 'மிஸ்டேக்'. "அவர் தவறிவிட்டார்" என்று இறப்பைச் சொல்வதற்கோ 'ஃபெயில்' பக்கமே போகக்கூடாது. அங்கே 'பாஸ்டு அவே' என்பதே சரி.