பிலால் ஏறிய கூரை: இஸ்லாம் பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

கேள்விகள் நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் பட்டம் வாங்கிய ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. சின்ன வயதில் மதரஸாவில் ஓதியவன், அதற்கப்புறம் விடாமல் படித்துக்கொண்டிருப்பவன். மார்க்கத் தீர்ப்பு வேண்டுமென்றால் உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம்தான் போக வேண்டும்.

கேள்வி: இஸ்லாத்தைத் தோற்றுவித்தவர் முகம்மது நபிதானே?

பாடப் புத்தகம் அப்படித்தான் சொல்லும். முஸ்லிமிடம் கேட்டால் ‘இல்லை’ என்பார். ஆதம், நூஹ், இப்ராஹீம், மூஸா, ஈசா (இயேசு) என்று வந்த நபிமார்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான், அந்த வரிசையில் கடைசியாக வந்தவர் முகம்மது நபி (ஸல்) என்பது எங்கள் நம்பிக்கை. ‘இஸ்லாம்’ என்றாலே இறைவனுக்குக் கட்டுப்படுதல் என்றுதான் பொருள். அதனால்தான் ‘முகமதியர்’ என்று பழைய பத்திரங்களில் இருக்கும் சொல் எங்களுக்கு ஒட்டுவதே இல்லை.

கேள்வி: ஹிரா குகையில் என்ன நடந்தது?

610ஆம் ஆண்டு, ரமலான் மாதம். நபிக்கு வயது 40. மக்காவை ஒட்டிய மலையில் உள்ள சின்னக் குகை அது. தனியே இருந்தவரிடம் வானவர் ஜிப்ரீல் வந்து ‘ஓதுவீராக’ என்கிறார். ‘எனக்கு ஓதத் தெரியாதே’ என்று பதில். ஜிப்ரீல் அவரை இறுக்கிப் பிடித்து, பிறகு விட்டுவிட்டு, மறுபடியும் ‘ஓதுவீராக’. மூன்றாவது முறைக்குப் பிறகு வந்தவைதான் குர்ஆனின் முதல் வசனங்கள். இன்று அவை 96ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் இருக்கின்றன.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம் வருவது. அவர் பெருமிதத்தோடு மலையிறங்கி வரவில்லை. நடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ‘என்னைப் போர்த்துங்கள்’ என்கிறார். மனைவி கதீஜா போர்த்திவிடுகிறார். நடுக்கம் அடங்கியதும், ‘நீங்கள் உறவைப் பேணுகிறீர்கள், இயலாதவர் சுமையைச் சுமக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள், அல்லாஹ் உங்களைக் கைவிட மாட்டான்’ என்று தேற்றுகிறார். பிறகு கிறிஸ்தவ வேதம் அறிந்த தன் உறவினர் வரகாவிடம் அழைத்துப் போகிறார். நபியை முதலில் நம்பியவரும் இந்தக் கதீஜாதான். சொந்தமாக வணிகம் நடத்தி வந்த பெண்மணி. பெண்களைப் பற்றி மேடையில் முழங்கும் நம் ஆட்கள் சிலர் இதை ஏனோ வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

கேள்வி: மக்காக்காரர்கள் ஏன் அவ்வளவு எதிர்த்தார்கள்?

அல்லாஹ் என்ற பெயர் அவர்களுக்குப் புதிதில்லை. நபியின் தந்தை பெயரே அப்துல்லாஹ். ‘அவனைத் தவிர வேறு யாரையும் வணங்கக் கூடாது’ என்றதுதான் இடித்தது. மக்காவின் வழிபாட்டுக் கட்டடமான கஅபாவைச் சுற்றி 360 சிலைகள் இருந்தன. அவற்றை நாடி வரும் கூட்டம், அந்தக் கூட்டத்தால் மக்காவை ஆண்ட குரைஷிக் குலத்தாருக்குக் கிடைத்த மதிப்பு, வியாபாரம் எல்லாம் அதில் அடங்கியிருந்தது. போதாக்குறைக்கு அடிமையும் எஜமானும் இறைவன் முன் ஒன்று என்றால் சும்மா இருப்பார்களா? அபிசீனிய வம்சத்தவரான பிலால் என்ற அடிமையைக் கொதிக்கும் மணலில் கிடத்தி நெஞ்சில் பாறையை ஏற்றினார்கள். அவர் வாயிலிருந்து வந்தது ‘அஹத், அஹத்’. ஒருவனே, ஒருவனே. நபியின் நெருங்கிய தோழர் அபூபக்கர்தான் அவரை விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தார். 622இல் நபியும் தோழர்களும் யத்ரிபுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த ஊர்தான் மதீனா.

கேள்வி: சிலை கூடாது என்கிறீர்கள், ஆனால் கறுப்புக் கட்டடத்தைக் கும்பிடுகிறீர்களே?

இது மட்டும் ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தார்கள். கஅபா நாங்கள் தொழும் திசை. முதலில் ஜெருசலேமை நோக்கித்தான் தொழுதார்கள். மதீனா வந்து ஒன்றரை ஆண்டு வாக்கில்தான் திசை மாறியது. 630இல் மக்கா நபியின் கைக்கு வந்தபோது சிலைகள் அகற்றப்பட்டன. அன்று கஅபாவின் கூரைமேல் ஏறிப் பாங்கு (தொழுகை அழைப்பு) சொன்னவர் யார் தெரியுமா? அதே பிலால். கும்பிடும் பொருளின் தலைமேல் யாராவது காலை வைப்பார்களா? கஅபாவில் பதித்திருக்கும் ஹஜ்ருல் அஸ்வத் என்ற கறுப்புக் கல்லை முத்தமிடுவதும் அப்படித்தான். ‘நீ வெறும் கல், நபி உன்னை முத்தமிட்டதைப் பார்த்திராவிட்டால் நானும் முத்தமிட்டிருக்க மாட்டேன்’ என்று நபியின் தோழரும் பின்னாளில் கலீபாவும் (முஸ்லிம்களின் தலைவர்) ஆன உமர் அந்தக் கல்லிடமே சொல்லிவிட்டார்.

கேள்வி: நபியின் படம் ஏன் இல்லை?

பாரசீக, துருக்கிய ஓவியங்கள் சிலவற்றில் உண்டு, பலவற்றில் முகத்தைத் திரையிட்டு. பெரும்பாலான முஸ்லிம்கள் தவிர்ப்பதற்குக் காரணம், மரியாதை வணக்கமாகிவிடக் கூடாதே என்ற பயம். 632இல் நபி இறந்தபோது உமரால் நம்பவே முடியவில்லை. அபூபக்கர் எழுந்து நின்றார்: ‘முகம்மதை வணங்கியவர்கள் யாராவது இருந்தால், முகம்மது இறந்துவிட்டார். அல்லாஹ்வை வணங்குபவர்களுக்கு, அல்லாஹ் இறப்பே இல்லாமல் உயிரோடிருப்பவன்.’ உயிருக்குயிரான நண்பர் சொன்னது இது.

கேள்வி: இயேசுவை ஏற்கிறீர்களா?

நபியாக ஏற்கிறோம், இறைமகனாக இல்லை. அவருடைய தாயார் மர்யமின் பெயரில் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது, 19ஆவது.

கேள்வி: ஜகாத் எவ்வளவு? நகைக்கும் உண்டா?

கலிமா (நம்பிக்கை உறுதிமொழி), தொழுகை, நோன்பு, ஜகாத் (கட்டாய தானம்), ஹஜ் என்ற ஐந்து கடமைகளில் கால்குலேட்டர் தேவைப்படுவது இது ஒன்றுக்குத்தான். சுமார் 85 கிராம் தங்கத்தின் மதிப்பை எட்டும் சேமிப்பு ஒரு சந்திர ஆண்டு முழுக்கக் கையில் இருந்தால் இரண்டரை சதவீதம். ஒரு லட்சத்துக்கு 2,500 ரூபாய். அதை ஏழைகள், கடனாளிகள் என்று குர்ஆன் சொல்லும் எட்டு வகையினருக்குக் கொடுக்க வேண்டும். நகை விஷயத்தில் ஹனஃபி, ஷாஃபி என்ற இரண்டு சட்டப் பிரிவுகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பெண்கள் அணியும் நகைக்கும் உண்டு என்பது ஹனஃபி சட்டம். அளவோடு அணிவதற்கு இல்லை என்பது ஷாஃபி. காயல்பட்டினம், கீழக்கரை பக்கம் ஷாஃபிகள் அதிகம். ஹனஃபி வீட்டுக்கு ஷாஃபி மருமகள் வந்தால் ரமலானில் இந்தப் பேச்சு நிச்சயம் உண்டு.

கேள்வி: சுன்னி, ஷியா சண்டை நம்பிக்கை பற்றியதா?

தொடங்கியது தலைமை பற்றி. நபிக்குப் பின் அபூபக்கர் தேர்வானதை ஏற்றவர்கள் சுன்னிகள். மருமகன் அலீக்கே உரிமை என்றவர்கள் ஷியாக்கள். 680இல் கர்பலாவில் நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட பிறகு பிளவு ஆழமானது. குர்ஆனும் நபியும் இருவருக்கும் பொது.

கேள்வி: நான் இந்து. பள்ளிவாசலுக்குள் வரலாமா?

வரலாம். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பெரும்பாலான ஊர்களில் யாரும் தடுக்க மாட்டார்கள். செருப்பை வாசலில் விடுங்கள், ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) நடக்கும் நேரத்தில் குறுக்கே போகாதீர்கள். ரமலானில் வருவதாக இருந்தால் அஸர் (மாலை நேர) தொழுகைக்கு அப்புறம் ஒரு தூக்குவாளியோடு வாருங்கள், கஞ்சி அப்போதுதான் சூடாக இருக்கும்.