மலைத்தோட்ட வேலை, கைக்குழந்தை, ஆபரேஷன் வேண்டாம்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன கருத்தடை கேட்கலாம்?

கேள்வி இதுதான்: நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை. இரண்டாவது குழந்தைக்கு 5 மாதம், தாய்ப்பால்தான். மாதவிடாய் இன்னும் திரும்பவில்லை. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேறு என்ன இருக்கிறது, செலவு எவ்வளவு, கணவர் கையெழுத்து கேட்பார்களா?

கடைசி இரண்டையும் முதலில் முடித்துவிடுவோம். செலவு கிடையாது. ஊசி, மாத்திரை, காப்பர்-டி, ஆணுறை எல்லாமே அங்கே இலவசம். இவை எதற்கும் கணவர் கையெழுத்து தேவையில்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குக்கூட அரசு விதிமுறை கேட்பது செய்துகொள்பவரின் கையெழுத்தை மட்டும்தான். பழக்கதோஷத்தில் யாராவது "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றால், "விதியில் அப்படி இல்லையே" என்று தன்மையாகச் சொல்லுங்கள்.

எந்த முறை என்பதற்கு மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மருந்தைப் பார்ப்பதற்கு முன் பஸ்ஸைப் பாருங்கள். மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. சமவெளியில் இதுவே 5,000, 30,000. ஏட்டில் நமக்குத்தான் வசதி. ஆனால் அந்த 3,000 பேர் எத்தனை எஸ்டேட்டில், எத்தனை மேட்டில் சிதறியிருக்கிறார்கள் என்பதை ஏடு சொல்லாது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு நீங்கள் எத்தனை முறை இறங்கி ஏற முடியும்? அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

அதற்கு முன் ஓர் அவசரம். இப்போது உங்களைக் காப்பது தாய்ப்பால். அது வேலை செய்ய மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: குழந்தைக்கு 6 மாதம் முடியக்கூடாது, மாதவிடாய் வந்திருக்கக்கூடாது, தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கக்கூடாது. பால் கொடுக்கும் இடைவெளியும் பகலில் 4 மணி நேரம், இரவில் 6 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. பெரும்பாலும் இடறுவது இந்த இடைவெளியில்தான். பேறுகால விடுப்பு 26 வாரம். அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்திருந்தால் குழந்தைக்கு நாலு மாதத்திலேயே வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். காலையில் காப்பகத்தில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய் மதியம்தான் திரும்புகிறீர்கள் என்றால், 6 மாதம் ஆகாவிட்டாலும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் வந்தபின் பார்க்கலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். கருமுட்டை முதலில் வரும், மாதவிடாய் அதற்குப் பிறகுதான்.

உங்கள் நிலைமைக்கு என் முதல் தேர்வு அந்தரா ஊசி. மூன்று மாதத்துக்கு ஒன்று. பிரசவமாகி 6 வாரம் கழிந்தால் தாய்ப்பால் கொடுப்பவர்களும் போடலாம், பால் குறையாது. முதல் ஊசிக்கு டாக்டர் பார்த்து, ரத்த அழுத்தம் எடுத்து, சரி சொல்ல வேண்டும். அடுத்தடுத்த ஊசிகளைப் பயிற்சி பெற்ற நர்ஸே போடலாம். குழந்தைக்கு 6 மாதம் முடியும் வாரத்தில் முதல் ஊசியைப் போட்டால், அடுத்தது 9 மாதம் முடியும்போது வரும். குழந்தைக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியும் அப்போதுதான். ஒரே பஸ், ஒரே அரைநாள், இரண்டு வேலை. இப்போதே இடைவெளி அதிகமாகிவிட்டதென்றால் அந்தக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு இந்த வாரமே போங்கள்.

கூடலூர், தேவாலா, பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்ன மழை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. ஊசித் தேதி ஜூலை நடுவில் விழுந்தால் மரம் சாய்ந்து ரோடு அடைபடும் நாளில்தான் விழும். அந்தராவை இரண்டு வாரம் முன்னதாகவே போட்டுக்கொள்ளலாம், அதனால் ஜூன் கடைசியிலேயே போய்விடுங்கள். நாள் தவறிப்போனால் நாலு வாரம் வரை தாமதத்தைப் பொறுக்கும். அதையும் தாண்டினால் கர்ப்பம் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் இதே கணக்கை அக்டோபர், நவம்பர் மழைக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி போடும்போது கவனியுங்கள். மருந்து பால் மாதிரி வெண்மையாக இருக்கும், அடியில் படிந்திருக்கும். குப்பியை நன்றாகக் குலுக்கிக் கலக்க வேண்டும். கலக்காமல் எடுத்தால் மருந்தில் பாதி குப்பியிலேயே தங்கிவிடும். ஊட்டியின் டிசம்பர் குளிரில் குப்பி சில்லென்று இருந்தால் உள்ளங்கைக்குள் வைத்து உருட்டி, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து போடுவது முறை. போட்ட இடத்தைத் தேய்க்கக்கூடாது, ஒத்தடமும் கூடாது. தேய்த்தால் மருந்து சீக்கிரம் கரைந்து மூன்று மாதம் தாக்குப்பிடிக்காது. வலிக்கிறதே என்று வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது இங்கே வழக்கம், அந்த இடத்தில் மட்டும் வேண்டாம்.

அந்தராவைப் பாதியில் விடுபவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் விடுகிறார்கள்: முதல் சில மாதங்கள் திட்டுத்திட்டாக, கணக்கில்லாமல் உதிரம் படும், பிறகு போகப்போக மாதவிடாய் நின்றே போகலாம். "கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடும்" என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துவார்கள். எதுவும் தங்குவதில்லை. கருப்பையின் உட்சவ்வு மெலிந்திருப்பதால் வெளியேற ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ஊசியை நிறுத்தினால், கடைசி ஊசியிலிருந்து கருத்தரிக்க 7 முதல் 10 மாதம் ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்பவருக்கு இது பொருந்தாது.

கூடலூர்ப் பகுதியில் இன்னொன்றும் உண்டு. பணியர், குறும்பர் போன்ற பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் ரத்தசோகை காணப்படுகிறது. அந்த நோய் உள்ள பெண்ணுக்கு அந்தரா தாராளமாக ஏற்றது. காப்பர்-டியால் உதிரப்போக்கு கூடி ரத்தசோகை ஏறலாம் என்பதால் அதை யோசித்துத்தான் போட வேண்டும். நோய் இருப்பது தெரிந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

சாயா மாத்திரையில் ஹார்மோன் இல்லை, தாய்ப்பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்று. ஞாயிறு தொடங்கினால் ஞாயிறும் புதனும், மூன்று மாதத்துக்குப் பிறகு ஞாயிறு மட்டும். கேட்க எளிது, குழப்பமும் இங்கேதான். மாலா-என் சாப்பிட்ட பழக்கத்தில் தினமும் விழுங்குபவர்கள் உண்டு, ஒன்றாக மாறும் வாரத்தில் அடியோடு மறப்பவர்களும் உண்டு. மறந்து 7 நாள் ஆகவில்லை என்றால் உடனே ஒன்றைப் போட்டுக்கொண்டு பழைய நாளையே தொடருங்கள், அடுத்த மாதவிடாய் வரை ஆணுறையும் வேண்டும். 7 நாள் தாண்டினால் முதலிலிருந்து, வாரம் இரண்டு. சினைப்பை நீர்க்கட்டி இருப்பவர்களும் அண்மையில் மஞ்சள்காமாலை வந்தவர்களும் தவிர்க்க வேண்டும். தினசரி மாத்திரையான மாலா-என், குழந்தைக்கு 6 மாதம் முடியும் வரை உங்களுக்குக் கிடையாது, பால் குறையும்.

அடிக்கடி இறங்கவே முடியாது என்பவர்களுக்குக் காப்பர்-டிதான். 380ஏ வகை 10 வருடம், 375 வகை 5 வருடம். போட்டபின் அடுத்த மாதவிடாய் முடிந்ததும் ஒருமுறை காட்ட வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதம் உதிரமும் வலியும் கூடுதலாக இருக்கும். கொழுந்துக் கூடை சுமந்தால், மேடு ஏறினால் நழுவிவிடும் என்று தோட்டங்களில் நம்புகிறார்கள். அது கருப்பைக்குள் இருக்கிறது, முதுகுச் சுமைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. நழுவுவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில், மாதவிடாய் உதிரத்தோடு நழுவும். அதனால்தான் அந்த மாதங்களில் நூலைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். நூல் தட்டுப்படவில்லை, கடும் அடிவயிற்று வலி, காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், நாள் தள்ளிப்போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே போங்கள்.

இடையில் ஒரு நாள் பாதுகாப்பில்லாமல் உறவு நடந்துவிட்டால் அவசர மாத்திரை, அதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் ஒன்று. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று. தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றே பதில் வரும். நேராக சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கணவரைப் பற்றி நீங்கள் கேட்டது கையெழுத்துக்கு மட்டும்தான். ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடை ஆபரேஷன் கால் மணி நேர வேலை, தையல்கூடக் கிடையாது, இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் கனமாகத் தூக்கக்கூடாது. பிறகு 3 மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும், விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். இந்த மலையில் 1971-லேயே சில தேயிலைத் தோட்டங்கள் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒரு சேமிப்புத் திட்டம் கொண்டுவந்தன, மாதம் 5 ரூபாய். அதுவும் பெண் தொழிலாளர் பெயரில்தான். சுமை அன்றைக்கே யார் தலையில் என்று பாருங்கள்.

போகும்போது தாய்-சேய் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். "மாதவிடாய் வந்தபிறகு வாங்க" என்று திருப்பி அனுப்பினால் சும்மா திரும்ப வேண்டாம், பால் கொடுப்பவருக்கு அது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? 6 மாதத்துக்குள், முழுத் தாய்ப்பால், மாதவிடாய் வரவில்லை என்பதே கர்ப்பம் இல்லை என்பதற்குப் போதும். அந்த வரம்பைத் தாண்டியிருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள், அதுவும் இலவசம். அன்றைக்குத் தீர்மானம் ஆகாவிட்டாலும் ஆணுறையாவது வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும்.