கூப்பாடும் கோஷமும்

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். ஒத்தகருத்துச் சொற்கள் பாடத்துக்காகக் கூச்சல், கூப்பாடு, கோஷம், முழக்கம், ஆர்ப்பாட்டம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அடுத்த கிழமை ஒரு பையன் கட்டுரையில், '1940இல் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டுக் கூப்பாடு போட்டார்கள்' என்று எழுதியிருக்கிறான். வாசிக்க என்னவோ போலிருக்கிறது. ஆனால் பிழை என்று கோடு போட என்னிடம் காரணமில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பையன் மேல் தப்பில்லை, வரிசையில்தான் சிக்கல். சத்தம் என்ற அளவில் பார்த்தால் எல்லாம் ஓரினம்தான். தொல்காப்பியமே கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்கையும் 'அரவப் பொருள' என்று ஒரே கட்டாகக் கட்டி வைத்திருக்கிறது. ஆனால் புழக்கத்தில் அப்படியில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் 'என்ன' சேர்த்துப் பாருங்கள். 'என்ன கோஷம்?' என்றால் அது கேள்வி. 'சம்பளத்தைக் கூட்டு' என்று பதில் சொல்லலாம். 'என்ன கூச்சல்?' என்றால் அதட்டல். அதற்குப் பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. கூப்பாடும் அந்தப் பக்கம்தான்.

தோட்டத்து மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், தேயிலைக் கொழுந்து நிறுக்கிற நேரம் போய் நின்று பாருங்கள். தண்ணிக்கு, சாக்குக்கு என்று கிலோவைக் கழித்து எழுதுகிறார்கள். "காலைலருந்து மழையில நின்னு எடுத்த கொழுந்துங்க, ரெண்டு கிலோ எங்க போச்சு?" என்று ஓர் அக்கா குரலை உயர்த்துகிறார். பின்னால் நிற்பவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். உடனே, "கூச்சல் போடாதீங்க" என்கிறார் நிறுக்கிறவர். அதே ஆள் அவர்களைத் திட்டித் தீர்த்தால், லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அன்று இரவு பேச்சு, "ஐயா சத்தம் போட்டாரு" என்பதுதான். கேள்வி கேட்ட பெண்ணுக்குக் கூச்சல், திட்டியவருக்கு வெறும் சத்தம். எனக்கு இது எப்போதுமே எரிச்சல்.

முல்லோயாவில் சம்பள உயர்வு கேட்டார்கள். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். 'சம்பள உயர்வு கேட்டு' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லே 'கூப்பாடு' என்றால், கொடுத்த கையாலேயே பிடுங்கினது மாதிரி. அதனால்தான் உங்களுக்கு இடறியிருக்கிறது. 'கோஷமெழுப்பினார்கள்' என்று வைத்தால் கேட்டது கேட்டதாகவே நிற்கும்.

ஆர்ப்பாட்டம் ஒரு விசித்திரமான சொல். 'ஆர்ப்பாட்டமில்லாத மனுஷன்' என்பது இன்னும் பாராட்டுத்தான். ஆனாலும் பத்திரிகைகள் எழுதி எழுதி அதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. 2018 அக்டோபரில் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டுக் கொழும்புக் காலிமுகத்திடலில் கறுப்புச் சட்டையோடு திரண்ட பிள்ளைகள் செய்ததை வேறெப்படிச் சொல்வது? (அந்த ஆயிரம் வர்த்தமானியில், அதாவது அரசிதழில், ஏற 2021 ஆகிவிட்டது.) இப்போது எதற்கெடுத்தாலும் 'கவனயீர்ப்புப் போராட்டம்' என்கிறார்கள். ரொம்பப் பதவிசான சொல், எனக்கு ஒட்டவில்லை.

அப்புறம், 'மறியல்' என்ற சொல்லை வரிசையில் சேர்த்தால் தனியாக விளக்கிவிடுங்கள். தமிழ்நாட்டுச் செய்தி பார்க்கிற பிள்ளைக்கு அது ரோட்டை மறிப்பது. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மறியல் என்றால் சிறை.

கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் பாதி நாள் சம்பளம் மட்டும் எழுதுவதை அரைப் பேர் என்பார்கள். பையனுக்கு இதற்காக அரைப் பேர் போட்டுவிடாதீர்கள். முழுப் புள்ளியும் கொடுத்துவிட்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றி எழுதிவரச் சொல்லுங்கள்.