மாம்பழ வாசனைக்குள் நிகோட்டின்: கேள்வி பதில்

மண்டபத்தில் நுரையீரல் மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில், நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன்.

தங்கச்சிமடத்துத் தாய் ஒருவர்: பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனின் பையில் பென் டிரைவ் போன்ற ஒன்று கிடைத்தது, முகர்ந்தால் மாம்பழ வாசனை. "வெறும் நீராவிதான்" என்கிறான். நம்பலாமா, டாக்டர்?

நம்ப வேண்டாம், அம்மா. அது 'வேப்' எனப்படும் மின் சிகரெட்டாகவே இருக்க வேண்டும். அதிலுள்ள திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், பெரும்பாலும் நிகோட்டின் ஆகியவை கலந்திருக்கும். பேட்டரியால் சூடேறும் கம்பிச்சுருள் இவற்றை நுண்துளிகளாக்க, ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகளும் நிக்கல் போன்ற உலோகத் துகள்களும் அவற்றுடன் சேர்ந்தே நுரையீரலுக்குள் இறங்குகின்றன. முதன்முதலாகப் பீடி இழுக்கும் சிறுவனுக்குத் தொண்டை எரிந்து இருமல் வரும். அந்த இருமலே பலரைத் தடுத்திருக்கிறது. பல மின் சிகரெட்டுகளில் நிகோட்டினை உப்பு வடிவில் சேர்ப்பதால் அந்தக் காரல் குறைந்து, எவ்வளவு உள்ளே போகிறது என்பதே பிள்ளைக்குத் தெரிவதில்லை. மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்வதால், இந்த வயதில் பழகும் நிகோட்டின் கவனத்தையும் மனநிலையையும் கெடுக்கிறது. சட்டையில் புகை நாற்றம் இராது என்பதால், வீட்டார் அறியுமுன்பே பழக்கம் வேர்விட்டுவிடுகிறது. எனக்குப் பெருங்கவலை தருவது இதுதான்.

தேவிபட்டினத்து ஆசிரியர்: இது சட்டப்படி விற்கப்படுவதா?

இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்கிறது. முதல் முறை விற்றாலே ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

பாம்பன் நாட்டுப்படகு மீனவர்: நானே பீடி குடிப்பவன். மகனை எந்த வாயால் கண்டிப்பேன்?

கண்டிக்க வேண்டாம், ஐயா. "நானும் விடுகிறேன், சேர்ந்தே விடுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். பீடி வாங்கிவர அவனைக் கடைக்கு அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள். 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கீழக்கரை மாணவர், வயது 17: வேப்பை விட்டு மூன்று நாளாகிறது. தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது. சங்கு குளிக்கும் அப்பாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.

தம்பி, இரண்டு மூன்று நாள்களில்தான் இந்தத் தொல்லை உச்சத்துக்குப் போகும். பிறகு சில வாரங்களில் படிப்படியாகத் தணியும். ஏக்கம் எழும்போது தண்ணீர் குடித்து, எழுந்து நடந்தால், பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். 1800-11-2356 என்ற தேசிய இலவச உதவி எண்ணை அழைத்தால் ஆலோசனை கிடைக்கும். அப்பாவிடம் சொல்லத் தயங்காதே. மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய்வருபவருக்கு நுரையீரலின் அருமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மார்புவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் மட்டும், அவர் கரைக்குத் திரும்பும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய், வேப் இழுத்ததை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்.