ஆம்னிக்குள் சூப்பர்சார்ஜர்: யாருக்குத் தெரியக் கூடாது?

கேள்வி: என்னிடம் அப்பா வாங்கிய 1998 மாடல் மாருதி ஆம்னி வேன் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி, பெட்ரோல் மட்டும். பாடி துருப்பிடிக்காமல் நல்ல நிலையில் இருக்கிறது. இதில் ஆன்லைனில் விற்கும் சின்ன சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) ஒன்றைப் போட ஆசை. வெளியே பார்த்தால் தேங்காய் ஏற்றும் பழைய வேன் மாதிரியே இருக்க வேண்டும். யாருக்கும் தெரியக் கூடாது. எஞ்சினையே மாற்றி மாருதி ஈகோ வேனின் எஞ்சின் வைத்துவிட்டால் நல்லதா? பெருந்துறை தாண்டி பைபாஸில் ஏறும்போது பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்தே கொல்கிறான். – பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இந்த ஆசை எனக்குப் புரிகிறது தம்பி. நானும் ஒரு காலத்தில் இதே மூன்று சிலிண்டர் எஞ்சினைப் பிரித்துப் போட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன்தான். ஆனால் உங்கள் கேள்வியில் "யாருக்கும் தெரியக் கூடாது" என்பதை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ரோட்டில் போகிறவனுக்குத் தெரியக் கூடாது என்பது ஒன்று. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் இன்ஷூரன்ஸ்காரனுக்கும் தெரியக் கூடாது என்பது இன்னொன்று. முதலாவது ரசனை. இரண்டாவதில் நான் உங்களுக்குத் துணை வர மாட்டேன்.

காரணம் இதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரம் கம்பெனி சொன்ன விவரத்தோடு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். வண்டி யார் மீதாவது மோதி, சொல்லாமல் செய்த மாற்றத்தை இன்ஷூரன்ஸ் சர்வேயர் கண்டுபிடித்தால், இன்ஷூரன்ஸ் தகராறு உங்கள் தோப்பு வரைக்கும் வரும். ஈகோ எஞ்சின் வைத்தால் எஞ்சின் நம்பரே மாறிவிடும். 15 வருடம் தாண்டிய வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப் போகும்போது முதலில் பார்ப்பதே அந்த நம்பரைத்தான். 1998 வண்டிக்கு அடுத்த முறை 2028-இல் வரும்.

ஆகவே அப்பாவின் வண்டியை ரோட்டில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் அதற்கு சூப்பர்சார்ஜர் வேண்டாம். ஆர்.சி. ரத்தான ஆம்னி ஒன்றைத் தனியாக வாங்கி, தோப்புக்குள்ளும், அனுமதி வாங்கி செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்திலும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் மேலே படியுங்கள். கரிவரதன் மாருதி 800 எஞ்சினைத் தூக்கிப் பந்தய வண்டிக்குள் வைத்துக் காட்டிய ஊர் கோயம்புத்தூர். அதே எஞ்சின்தான் உங்கள் சீட்டுக்கு அடியிலும் இருக்கிறது.

இனி கணக்கு. ஆம்னியில் இருப்பது எஃப்8பி எஞ்சின், 796 சிசி. மூன்று சிலிண்டர். கார்புரேட்டர் மாடலில் கம்ப்ரஷன் (கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) 8.7-க்கு 1. பவர் 35 முதல் 37 குதிரை. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் பாதி, அதாவது 398 சிசி காற்று உள்ளே போக வேண்டும். நடைமுறையில் 330, 340 போனால் அதிகம். நீங்கள் பார்த்து வைத்திருப்பது ஏ.எம்.ஆர். 500 வகை ரூட்ஸ் புளோயர் (சூப்பர்சார்ஜரில் ஒரு ரகம்) என்று நினைக்கிறேன். பெயரில் உள்ள 500 என்பது ஒரு சுற்றுக்கு அது தள்ளும் காற்று. கிராங்கும் புளோயரும் ஒரே வேகத்தில் சுற்றினால், கசிவு போக 400 சிசி அளவு தள்ளும். 330 குடிக்கிறவனுக்கு 400 ஊற்றினால் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. அழுத்தம் எழும். புல்லியைக் கொஞ்சம் மாற்றினால் ஆறு பி.எஸ்.ஐ. அதற்கு மேல் இந்த எஞ்சினில் ஆசைப்படாதீர்கள்.

ஆறு பி.எஸ்.ஐ. என்றால் 0.4 பார், 40 சதவீதம் கூடுதல் காற்று, 40 சதவீதம் கூடுதல் பவர் என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். நடுவில் சூடு இருப்பதை மறந்துவிடுகிறார்கள். ரூட்ஸ் புளோயர் காற்றை அமுக்குவதைவிட அடித்துத் தள்ளுகிற ரகம். செயல்திறன் ஐம்பது சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 40 டிகிரியில் உள்ளே போகும் காற்று வெளியே வரும்போது 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். சூடான காற்று விரிந்த காற்று, அழுத்தம் இருந்தாலும் சரக்கு குறைவு. அதோடு புளோயரைச் சுற்றவே மூன்று நான்கு குதிரை போய்விடும். நான் போட்ட கணக்கில், இன்டர்கூலர் (இந்தச் சூடான காற்றைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் உங்கள் 35 குதிரை 38-ஐத் தாண்டவில்லை. காற்றை 60 டிகிரிக்குக் குளிர்வித்தால் 45 பக்கம் வருகிறது. அதாவது இந்தக் கன்வர்ஷனில் பவரைக் கொடுப்பது இன்டர்கூலர்தான். புளோயர் வாங்கும் காசை எண்ணும்போதே அதையும் சேர்த்து எண்ணுங்கள்.

ஆம்னியில் இன்டர்கூலர் வைக்க இடம்? எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில், காற்றே வராத பொந்தில் கிடக்கிறது. அங்கே காற்றால் குளிரும் இன்டர்கூலரை வைத்தால் அது அடுப்புப் பக்கத்தில் வைத்த விசிறி. தண்ணீரால் குளிரும் சின்ன இன்டர்கூலரை எஞ்சின் பக்கம் வைத்து, தனி மோட்டார் பம்பு போட்டு, ஹோஸை முன் பம்பருக்குப் பின்னால் இன்னொரு சின்ன ரேடியேட்டருக்குக் கொண்டு போங்கள். வெளியே ஒன்றும் தெரியாது. ஹோஸ் நீளம் என்பதால் உள்ளே காற்று சிக்கும், ஹோஸின் உயரமான இடத்தில் காற்று நீக்கும் ஸ்க்ரூ ஒன்று கட்டாயம் வேண்டும்.

கார்புரேட்டர் விஷயத்தில் இரண்டு வழி. கார்புரேட்டரைப் புளோயருக்கு முன்னால் வைப்பது சுலபம், பெட்ரோல் ஆவியாவதால் காற்றும் கொஞ்சம் குளிரும். ஆனால் பெட்ரோல் கலந்த காற்று இன்டர்கூலருக்குள் போய் மூலையில் தேங்கும், பேக்ஃபயர் அடித்தால் (எரியும் தீ பின்னோக்கி வந்தால்) சீட்டுக்கடியில் தீபாவளி. புளோயருக்குப் பின்னால் வைத்தால் கார்புரேட்டரின் ஒவ்வொரு இடுக்கையும் அடைத்து, பெட்ரோல் பம்பின் அழுத்தம் புளோயர் அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும்படி செய்ய வேண்டும். இரண்டுமே தலைவலி. என் பேச்சைக் கேட்டால் கார்புரேட்டரைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, இன்ஜெக்ஷனும், அதை ஓட்ட தனி இ.சி.யூ.வும் (எஞ்சின் கம்ப்யூட்டர்) போடுங்கள். செலவு கூடும். ஆனால் பெட்ரோலும் டைமிங்கும் (பிளக் பொறி விடும் நேரம்) உங்கள் கைக்குள் இருக்கும். பிற்கால எம்.பி.எஃப்.ஐ. (இன்ஜெக்ஷன்) ஆம்னியின் இன்டேக் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாய்) எடுத்துக்கொள்ளலாம், அதன் பிரஷர் சென்சாரை மட்டும் எடுக்காதீர்கள். அது வெளிக் காற்றழுத்தத்துக்கு மேல் எதையும் படிக்கத் தெரியாதது.

இப்போது வருகிற இ20 பெட்ரோலையும் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) கணக்கில் சேருங்கள். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இ20-க்கு 13.5 போதும். கார்புரேட்டரின் பழைய ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) அப்படியே வைத்தால் கலவை தானாகவே மெலிந்துவிடும். சாதாரண ஓட்டத்தில் மிஸ்ஸிங்கோடு போய்விடும். புளோயர் அழுத்தத்தில் கலவை மெலிந்தால் பிஸ்டன் போகும்.

எப்படிப் போகும் என்று கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையன் இதேபோல் ஒரு ஆம்னியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். வேறொரு பட்டறையில் புளோயர் மாட்டியது. "மேட்டில் ஏறும்போது கோலிக்குண்டு உருளுகிற சத்தம் வந்தது, அப்புறம் இழுக்கவில்லை" என்றான். மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். முதல் இரண்டும் வெளுத்திருந்தன. மூன்றாவதின் வெள்ளைப் பீங்கானில் உப்புத் தூவியதுபோல் பளபளவென்று பொடிப் பொடிப் புள்ளி. அது பிஸ்டனின் அலுமினியம். ஹெட்டைத் தூக்கவே தேவையில்லை, இருந்தாலும் தூக்கினேன். பிஸ்டன் ஓரம் எலி கடித்த தேங்காய்ப் பத்தை மாதிரி இருந்தது. டைமிங்கை வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாமல் விட்டிருந்தார்கள். பழைய டைமிங், மெலிந்த கலவை, சூடான காற்று, மூன்றும் சேர்ந்த வேலை அது.

எனவே டைமிங்கை ஒரு பி.எஸ்.ஐ.க்கு ஒரு டிகிரி பின்வாங்குவதிலிருந்து தொடங்குங்கள். கலவையை வைட்பேண்ட் சென்சார் (புகையை வைத்துக் கலவையை அளப்பது) போட்டு, முழு அழுத்தத்தில் 14.7 என்ற அந்தப் பெட்ரோல் அளவுகோலில் 12-க்கு மேல் போகாமல் பாருங்கள். பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம். கம்ப்ரஷனைக் குறைக்க ஹெட் கேஸ்கெட்டைத் தடிமனாகப் போடச் சொல்லும் ஆட்கள் உண்டு, கேட்காதீர்கள். பிஸ்டன் தலைக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய நெருக்கம் போய் நாக்கிங் (அந்தக் கோலிக்குண்டுச் சத்தம்) இன்னும் கூடும். ஆறு பி.எஸ்.ஐ.க்கு 8.7 கம்ப்ரஷன் தாங்கும்.

பெல்ட் இன்னொரு தொல்லை. ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஓட்டும் அந்த ஒற்றை வி-பெல்ட் புளோயரை இழுக்காது, வழுக்கும். கிராங்குக்குப் பள்ளம் பள்ளமான ரிப் பெல்ட் புல்லி தனியாகக் கடைய வேண்டும். கோயம்புத்தூர் கணபதி பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று நேர்கோல் வைத்து நீங்களே பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் வாரம் ஒரு பெல்ட் தின்னும்.

சத்தம்: வெளியே மறைப்பது சுலபம். பழைய ஏர்ஃபில்டர் டப்பாவையே வையுங்கள், சைலன்சர் வாய் பழைய அளவிலேயே இருக்கட்டும், ஆக்சிலேட்டரை விடும்போது காற்று சுற்றிவர பைபாஸ் வால்வு போடுங்கள், 12 அங்குல ஸ்டீல் வீலை மாற்றாதீர்கள். ரோட்டோரம் நிற்பவனுக்கு ஒன்றும் கேட்காது. உங்களுக்குத்தான் இடுப்புக்குக் கீழே மிக்ஸி ஓடும். சீட்டுக்கடி மூடியின் ரப்பர் பீடிங்கைப் புதிதாகப் போடுங்கள். சத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை, எக்ஸாஸ்ட் புகை உள்ளே வந்தால் தூக்கம் வருவதுபோல் வந்து ஆளையே முடித்துவிடும்.

பிரேக்கைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. இந்தக் கேள்வி கேட்கிறவர்கள் யாருமே எழுதுவதில்லை. ஆம்னியின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 1.84 மீட்டர், அகலம் 1.41 மீட்டர், உயரம் அதைவிட அதிகம். பின்னால் காலியாக இருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வீசும். உங்கள் முழங்காலுக்கு முன்னால் இருப்பது ஒரு தகடுதான். லைனிங், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், டயர் எல்லாம் புதிதான பிறகுதான் புளோயர் பார்சலையே பிரிக்க வேண்டும்.

ஜப்பானில் சுபாரு சாம்பார் என்று ஒரு குட்டி வேன் இருந்தது. 658 சிசி, நான்கு சிலிண்டர், 1990-லிருந்து கம்பெனியே சூப்பர்சார்ஜர் மாட்டிக் கொடுத்தது. பால்காரனும் தபால்காரனும் ஓட்டுகிற வண்டி மாதிரிதான் இருக்கும். அவர்கள் எஞ்சினை வண்டியின் கடைசி மூலையில் வைத்து, கம்பெனியிலேயே புளோயரோடு கட்டினார்கள். நாம் செய்வது இருபத்தைந்து வருடம் உழைத்த எஞ்சினுக்கு.

பைபாஸ் மேட்டில் ஹார்ன் வாங்காமல் இருப்பதுதான் உண்மையான தேவை என்றால், வெர்சா ஒன்றைத் தேடுங்கள். மாருதி 2001-இல் கொண்டுவந்தது. 1298 சிசி, 16 வால்வு, 82 குதிரை, எஞ்சின் இதேபோல் சீட்டுக்கடியில், பின் சக்கர இழுவை. பார்த்தால் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றும் வண்டி. ஏற்றத்தில் அமுக்கினால்தான் தெரியும். ஆர்.சி.யில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பாகம் கிடைப்பது சிரமம் என்றால், அதே உருவத்தில் 2010-இல் வந்த ஈகோ, 1196 சிசி, 73 குதிரை. சூப்பர்சார்ஜர் போட்ட ஆம்னியின் 45 குதிரைக்கு நீங்கள் கொட்டப் போகும் காசை இதில் போடலாம். ஈகோ எஞ்சினை ஆம்னிக்குள் திணிப்பதைவிட ஈகோவையே வாங்கிவிடலாம்.

அப்பாவின் வண்டிக்கு ஒரு காரியம் செய்யுங்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, பிளக் ஓட்டையில் கேஜ் வைத்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்து கம்ப்ரஷன் அழுத்தம் பாருங்கள். மூன்று சிலிண்டருக்கும் நடுவே ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், மேட்டில் இழுக்காததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. வால்வு கிளியரன்ஸ், கார்புரேட்டர் சர்வீஸ், டிஸ்ட்ரிபியூட்டர் வாக்குவம் டயஃப்ரம், கிளட்ச், இந்த நான்கையும் சரிசெய்தாலே பாதி ஹார்ன் குறையும். மூன்று அளவையும் எழுதி அனுப்புங்கள், ஹெட்டை இறக்க வேண்டுமா என்று சொல்கிறேன்.